கம்பெனி வெல்லம்

அந்த உலைக் கொட்டகையில் மூச்சு விடுவதற்கு முன்னால் ஒரு கட்டி வெல்லம் தின்றாக வேண்டும். தின்றுவிட்டு மேஸ்திரிக்கு முன்னால் வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பத்து வருஷமாக இதுதான் நடைமுறை. காய்ச்சலென்று வேலைக்கு வராமல் இருந்துவிடலாம், கையுறையை மறந்துவிட்டு வந்து திட்டு வாங்கலாம், வெல்லத்தை மட்டும் மறக்க முடியாது.

பாவாயி அந்த ஞாயிற்றுக்கிழமை தின்னவில்லை.

"கையில வெச்சுட்டு என்னம்மா ஜோசியமா பாக்கற? வாயில போடு" என்றான் மேஸ்திரி அர்த்தனாரி.

"வெரதமுங்க மேஸ்திரி. ஊர்ல திருவிழாவுக்குப் பூச்சாட்டுப் போட்டாச்சு. தீ மிதிச்சுக் குண்டம் எறங்கறேன்னு மாரியாத்தாளுக்கு நேந்திருக்கறேன். வெளிச்சாப்பாடு ஆகாது."

"இது சாப்பாடா? மருந்தும்மா."

"போன மாசம் நீங்கதானுங்க சொன்னீங்க, இது மருந்தில்ல, சாப்பாடுதான், பயப்படாமத் தின்னுங்கன்னு."

வரிசையில் பின்னால் நின்ற வெண்ணிலா களுக்கென்று சிரித்தாள். முப்பது வயசுக்காரி, எதற்கும் சிரிப்பாள். "மேஸ்திரிங், ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. எங்களுக்கும் தெரியோணுமில்ல, இத்தனை நாளு என்னத்தத் தின்னோம்னு."

"நீ உன்ற வாயைத் தொறந்து நாக்கை மட்டும் காட்டு. பேச்சுக்குத் தனியா தொறக்காத."

பாவாயி சுவரில் இருந்த பெரிய பலகையைக் கையால் காட்டினாள். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவள் அவள். அதனால் எந்தப் பலகையையும் பாதியில் விடமாட்டாள். பஸ் ஸ்டாண்டில் பல்பொடி விளம்பரம் இருந்தாலும் கடைசி எழுத்து வரைக்கும் விரலால் தொட்டு வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பத்து வருஷமாகப் புகையடித்து மஞ்சளாகிப் போன அந்தப் பலகையை முழுசாக வாசித்த ஒரே ஆள் அந்தக் கொட்டகையில் அவளாகத்தான் இருக்கும்.

"ஏழாவது வரி. 'விரதம் இருக்கும் தொழிலாளரை உண்ணும்படி கட்டாயப்படுத்தலாகாது.' சர்க்காரு எழுதினதுங்க. நானு எழுதல."

அர்த்தனாரி கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டான். தள்ளிப் போய் நின்று பேசிவிட்டு வந்தான். "ஒரு வாரத்துக்குப் பரவாயில்லையாம். தின்ன சத்து உள்ள இருப்பு இருக்குமாம். போ, போய் வேலையைப் பாரு. ஆத்தாளே பாத்துக்குவா உன்னை."

ஆத்தாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பாவாயியும் நினைத்தாள். ஆனால் அவள் வேண்டிக்கொண்டது வேறு.

கொட்டகைக்குள் லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும். ஆட்டோவில் ஓடியது, மாடியில் வெயிலைப் பிடித்து வைத்தது, எல்லாம் கடைசியில் இங்கேதான் வரவேண்டும். உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உலையில் போட்டு உருக்கி, பாளம் பாளமாக வார்ப்பார்கள். உருக்கும்போது எழும் புகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. முன்னெல்லாம் அதை இழுத்து வெளியே தள்ள ஆளுயர விசிறிகள் எட்டு இருந்தன. வெல்லம் வந்ததும் கழற்றிவிட்டார்கள். இப்போது சுவரில் எட்டு வட்டங்கள் மட்டும் செங்கல் வைத்துப் பூசிக் கிடக்கின்றன.

பத்து மணி டீக்கு வெளியே வந்தபோது வெண்ணிலா அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நெசமாலுமே குண்டம் எறங்கறியாக்கா?"

"எறங்குவேன். ஆனா அதுக்கு மட்டுமில்ல. ஒம்பதாவது வரியைப் படிச்சியா?"

"எனக்கு எங்க நேரம்? சொல்லு."

"சனிக்கிழமை ரத்தம் பாக்கற பொட்டி இருக்குதில்ல? அதுல ஒரே ஒரு ஆளுக்கு முப்பது புள்ளிக்கு மேல போச்சுன்னாலும் உலை தன்னால நின்னுருமாம். விசிறியை மறுபடியும் மாட்டினாத்தான் பத்த வெக்க முடியுமாம். பொட்டிக்கும் உலைக்கும் கம்பி போட்டு வெச்சிருக்காங்க. கணக்கு நேரா தலைநகரத்துக்குப் போயிருது. மேஸ்திரியும் தொட முடியாது, மொதலாளியும் தொட முடியாது."

"நமக்கெல்லாம் நாலு, அஞ்சுதானக்கா வருது. பச்சை லைட்டுத்தான் எரியுது."

"வெல்லம் திங்கறவரைக்கும் பச்சைதான். போன வருஷம் பல்லுவலின்னு மூணு நாளு முந்தானையில துப்புனாளே ஒருத்தி, அவளுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"இருபத்திரண்டு" என்றாள் வெண்ணிலா. சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப ஏழு நாளு திங்காம இருந்தா..."

"அந்தப் பொட்டிக்கு மூக்கு இல்ல வெண்ணிலா. இங்க காத்து எப்படி இருக்குதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு ஆளோட ரத்தத்துல காட்டினாத்தான் தெரியும். நானு காட்டறேன்."

வெண்ணிலா டீக்கோப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள். "வெல்லந்தான் சுத்தம் பண்ணிருதே. அப்பறம் விசிறி எதுக்குன்னு கேப்பாங்களே?"

"என்ற மாமனைப் பாத்துட்டு வந்து கேக்கச் சொல்லு."

பாவாயியின் புருஷன் சென்னியப்பன் அதே உலையில் கரண்டி பிடித்தவன். வெல்லம் வந்த அன்றைக்கு முதல் ஆளாக வாங்கித் தின்றவன். ஒன்பது வருஷம் தின்றான். ஒரு சனிக்கிழமைகூடச் சிவப்பு லைட் எரிந்ததில்லை. பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தான், கால் நிற்கவில்லை. முழங்காலும் முதுகும் உள்ளே யாரோ அரத்தால் ராவுகிற மாதிரி வலிக்கிறதென்றான். கம்பெனி டாக்டர் யாழினி வந்து பார்த்தாள். ரத்தம் சுத்தமாக இருக்கிறது, இது வேலையால் வந்ததில்லை, வாதம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆனாலும் பதிவேட்டில் பேரை அடிக்கவில்லை, நீண்ட விடுப்பு என்று போட்டு வைத்தார்கள். அவன் இடத்துக்குப் பாவாயி போனாள்.

அதோடு வாரம் தவறாமல் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வரும். ஏழு கட்டி வெல்லம், வழுவழுப்புத் தாளில் தனித்தனியாகச் சுற்றி.

"பாரு புள்ள, வேலை இல்லாத ஆளையும் மறக்காம அனுப்பறாங்க. எந்தக் கம்பெனி இப்படிச் செய்யும்?" என்று சென்னியப்பன் ஒவ்வொரு வாரமும் சொல்வான். அவனுக்கு வேறு யாரும் எதையும் அனுப்புவதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் கறுத்துவிட்டது.

"உனக்குப் பைத்தியமா? விசிறியும் வெல்லமும் வர்றதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு நீ பாக்கல. நானு பாத்திருக்கறேன். பத்தொம்பது வயசுல எனக்கே வந்துச்சு. வவுத்துக்குள்ள கையை விட்டுப் பிழியற மாதிரி ஒரு குத்தல். பச்சைத் தண்ணி குடிச்சாலும் நாக்கு இனிக்கும். இனிச்சுதுன்னா காரீயம் ஏறிருச்சுன்னு அர்த்தம். என்ற கூட வேலை பாத்தவனுக்குக் கை மணிக்கட்டோட தொங்கிப் போச்சு. சோத்தை அள்ள முடியாது."

"தெரியுமுங்க மாமா."

"தெரிஞ்சுமா?"

"கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க? ஒடம்புக்குள்ளயே அழுக்கைத் தள்ளற வேலை நடக்குது, ஈரலும் கிட்னியும் அதைத்தான் பாக்குது, சரியான சாப்பாடு குடுத்தா அதுவே காரீயத்தையும் பிடிச்சு வெளிய தள்ளிரும்னாங்க. ராகி, எள்ளு, முருங்கைக்கீரை, அப்பறம் அவங்க லேபுல வளத்த ஏதோ ஒரு தானியம். விசிறி காத்தைத்தான் சுத்தம் பண்ணும், வெல்லம் ஆளையே சுத்தம் பண்ணும்னாங்க. சரி. சுத்தமான ஆளு ஏனுங்க எந்திரிச்சு நிக்க மாட்டேங்கறீங்க?"

அவன் வேட்டியை இழுத்து முழங்காலை மறைத்தான்.

"எனக்கு இப்பக் காலையில மணிக்கட்டு விரிய மாட்டேங்குது. உங்களுக்கும் அங்கதான ஆரம்பிச்சுது? விசிறி வரோணும். வந்தே ஆவோணும்."

அவளை அவனுக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் சொல்லி நடக்காமல் போனது ஒன்றோ இரண்டோ. "சரி. பானகமாச்சும் குடிப்பியா? வெரதத்துக்கு ஆகுமில்ல?" என்றான்.

"அதுக்கென்ன? கரைச்சு வெய்ங்க."

அன்று ராத்திரியிலிருந்தே அவன்தான் பானகம் கரைத்தான். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போவான். வெல்லம், புளித்தண்ணீர், தட்டிய சுக்கு, ஏலக்காய். விடிந்ததும் சொம்பு நிறைய நீட்டுவான். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். வாசல் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பான்.

மூன்றாம் நாள் பாவாயி உலை வாசலில் நின்று வேண்டுமென்றே ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. நான்காம் நாள் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள். இனிக்கவில்லை.

"என்னக்கா, குத்துதா?" என்று வெண்ணிலா தினமும் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"புள்ளை பொறக்கற மாதிரியில்ல காத்திருக்கறோம்!"

வீட்டில்தான் சரியில்லை. ஐந்தாம் நாள் சென்னியப்பன் சோற்றை அப்படியே மூடி வைத்திருந்தான். ஆறாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுருண்டு கிடந்தான். கேட்டால் வெயில் என்றான், சூடு என்றான். நான் ஒருத்தி விரதமிருந்தால் போதாதா, நீங்களும் சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டுமா என்று அவள் சத்தம் போட்டாள். அவன் சிரிக்கப் பார்த்தான்.

சனிக்கிழமை வந்தது. வெளிவாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை. அதற்குள் மேசையில் பெட்டி. விரலை நுழைத்தால் எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக்கு, அப்புறம் எண் வரும். முதல் ஷிப்டுக்காரர்கள் அறுபது பேரும் வரிசையில் நின்றார்கள். தன் முறை வந்ததும் பாவாயி விரலை நுழைத்தாள்.

நாலு. பச்சை.

அவள் விரலை எடுக்கவே இல்லை. பெட்டி கீச்சென்று கத்தியது.

"எடும்மா கையை! அதென்ன, திரும்பக் கேட்டா வேற சொல்லுமா?" அர்த்தனாரிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா எல்லாரும்? வெல்லம் திங்காத ஆளுக்கே நாலு. அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறோம் காத்தை! இனி எவளாச்சும் விசிறி, புகைன்னு வாயைத் தொறங்க, அப்பறம் பேசிக்கறேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. வெண்ணிலாகூட. பாவாயிக்கு அதுதான் தாங்கவில்லை. ஏழு நாள் பட்டினி கிடந்து, அவர்களுக்குத் தன் கையாலேயே சாட்சி சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள், தண்ணீர் குடிக்க. சுக்கு டப்பாவுக்குப் பின்னால் ஏதோ பளபளத்தது. எடுத்துப் பிரித்தாள். வழுவழுப்புத் தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு.

அந்தத் தாள்களைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

"பானகத்துல இதையா கரைச்சீங்க?"

சென்னியப்பன் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "உனக்கு அந்தக் குத்தல் வேண்டாம்னுதான் புள்ள. நானு பட்டது போதும்."

"என்ற ரத்தத்தை நீங்களே திருடிட்டீங்களே மாமா! அந்த மேஸ்திரி என்னை வெச்சே எல்லாத்துக்கும் வாயை அடைச்சுட்டான். தெரியுமா உங்களுக்கு?"

"திட்டு. நெம்பத் திட்டு."

அவள் திட்டவில்லை. தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க பங்குதான?"

"ஆமா."

"அப்ப ஏழு நாளா நீங்க என்னத்தத் தின்னீங்க?"

"நானு உலைப் பக்கமே போகாதவன். எனக்கெதுக்கு?" சொல்லிவிட்டு அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். குத்தல் வந்து போனது. பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இந்தக் குத்தல் எப்படி இருக்குதுங்க?"

அவன் கண்ணைத் திறந்தான். "பத்தொம்பது வயசுல வந்த மாதிரி."

"நாக்கு?"

அவன் நாக்கை உதட்டில் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மூணு நாளா இனிக்குது. நானு பானகம் கரைச்ச கைன்னு நெனச்சேன்."

வெளியே ஏதோ வண்டி போனது. பாவாயி ஒரு தாளை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பதினாலு மாசமா உலைப் பக்கம் போகாத ஆளு. காத்துல இருந்து ஏறல. அப்ப எங்கிருந்து வருது? வேலை இல்லாத ஆளுக்கு ஏனுங்க மாமா வாரம் தவறாம வெல்லம் அனுப்பறாங்க?"

அவன் தன் முழங்காலைப் பார்த்தான்.

பெட்டி நாலு மணி வரைக்கும்தான் எண் எடுக்கும். மணி மூன்றே கால். பாவாயி வெண்ணிலாவுக்குப் போன் போட்டாள். வெண்ணிலா பேட்டரி ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். நடுவில் சென்னியப்பனை உட்கார வைத்து, அவன் சரிந்துவிடாமல் பாவாயி பின்னாலிருந்து சேலை முந்தானையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"மாமனுக்குக் கல்யாண ஊர்கோலந்தான்" என்றாள் வெண்ணிலா.

"மெதுவா ஓட்டு. மாப்பிள்ளை வாந்தி எடுத்துருவான்" என்றான் அவன்.

வாசலில் இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பாவாயி புருஷனை முதுகில் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். உள்ளே டாக்டர் யாழினி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி குறுக்கே வந்தான்.

"இவரை எதுக்குக் கொண்டாந்தே? விடுப்புல இருக்கறவருக்கு ரத்தம் பாக்கறதில்ல."

"மூணாவது வரியைப் படிங்க மேஸ்திரி."

"எனக்கு நேரமில்ல."

"எனக்கு இருக்குது." அவள் புருஷனை நாற்காலியில் இறக்கிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே தெரிந்த பலகைப் பக்கம் திரும்பி உரக்க, ஒவ்வொரு எழுத்தாக, வாசித்தாள். "'பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளர் எவரும், விடுப்பில் உள்ளோர் உட்பட, சோதனை கோரினால் மறுக்கலாகாது.' இவரு பேரை நீங்க அடிக்கல. கருணை பண்ணி வெச்சிருக்கறீங்க."

வரிசையில் யாரோ, "பாருங்க மேஸ்திரி, ஒரு விரல்தான" என்றார்கள். அர்த்தனாரி டாக்டரைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் சென்னியப்பன் தானே விரலை நுழைத்துவிட்டான்.

எழுபத்தொன்று.

சிவப்பு லைட் எரிவதை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. கொட்டகைக்குள் ஏதோ தடதடத்து, இழுத்து, அடங்கியது. பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு இருப்பதே தெரியாமல் போன உலைச் சத்தம் நின்றபோதுதான், அது இவ்வளவு நாளும் இருந்தது தெரிந்தது. மரத்தில் ஒரு காகம் கத்துவது கேட்டது.

யாழினி எழுந்து நின்றாள். "இவர் கடைசியா எப்ப உலைக்கு வந்தார்?"

"பதினாலு மாசமாச்சுங்க. ஏழு நாளா உங்க வெல்லத்தைத் திங்கல. அவ்வளவுதான் செஞ்சாரு."

டாக்டரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அவள் சின்னப் பெண். கணக்கு அவள் முகத்திலேயே ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அது வெளிய போகல" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

"பின்ன எங்கதான் போச்சுங்க?"

"எலும்புக்குள்ள. சுண்ணாம்புச்சத்தோட சேர்த்து எலும்புக்குள்ள தள்ளியிருக்கு. அதான் ரத்தத்துல காட்டல. சாப்பிடறவரைக்கும் அங்கயே அடைஞ்சு கிடக்கும். நிறுத்தினா..." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "வெல்லத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்துல இருந்து பட்டியல் வரும். சத்தியமா நான் கருணைன்னுதான் நினைச்சேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றாள் பாவாயி.

காலையில் தனக்கு வந்த எண் அவளுக்கு ஞாபகம் வந்தது. நாலு. பச்சை. அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து முழங்காலை, நிமிர்ந்து இடுப்பை, தொட்டுக்கொண்டிருந்தார்கள். அர்த்தனாரியும்தான். அவனும் பத்து வருஷம் தின்றவன், முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று.

வெண்ணிலா சாயங்கால ஓவர்டைமுக்கு வாங்கிய கட்டியை வாயில் போட்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது.

"அக்கா" என்றாள் குழறலாக. "இதை முழுங்கறதா, துப்பறதா?"

முழுங்கினால் உள்ளே ஒளியும். துப்பினால் ஒளிந்ததெல்லாம் வெளியே வரும். எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"திடீர்னு நிறுத்தக் கூடாது" என்றாள் யாழினி. "பெரிய ஆஸ்பத்திரியில வெச்சு, ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். மாசக்கணக்குல ஆகும். அத்தனை பேருக்கும்னா..."

"அத்தனை பேருக்குந்தான். கூப்பிடுங்க."

"கம்பெனியில கேக்காம நான்..."

"டாக்டரம்மா, அந்தப் பொட்டி உங்களைக் கேட்டுட்டா தலைநகரத்துக்குச் சொல்லுச்சு? எழுபத்தொண்ணு அங்க போயாச்சு. இப்ப நீங்க அதுக்குப் பக்கத்துல நிக்கப் போறீங்களா, இவரு பக்கத்துல நிக்கப் போறீங்களா? அதைச் சொல்லுங்க."

யாழினி போனை எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் எண்ணை அழுத்தினாள். பாவாயி வெளியே வந்து வெண்ணிலாவின் முன்னால் கையை நீட்டினாள். வெண்ணிலா அந்தக் கையில் துப்பினாள்.

"இனி நிறுத்தறதை ஆஸ்பத்திரிக்காரங்க கண்ணு முன்னால நிறுத்தலாம். இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றாள் பாவாயி. "வண்டி வரட்டும். டாக்டருங்க வரட்டும். அவங்க பாக்கற வரைக்கும் இந்த வரிசை கலையக் கூடாது. மேஸ்திரி, நீங்களும் வந்து நில்லுங்க. உங்களுக்கும் முட்டி வலிக்குதுதான?"

அர்த்தனாரி போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து சென்னியப்பன் கூப்பிட்டான். "புள்ள, தாகமா இருக்குது."

குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு போய் அவன் வாயில் வைத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இதுல ஒண்ணும் கரைக்கலையே?"

"வெறும் தண்ணி மாமா."

"இனிக்குது."

பாவாயி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் காலடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இனிப்புப் போற வரைக்கும் இங்கதான் இருக்கறோம்" என்றாள்.